அரை மணி நேரம் பொணமாக் கெடந்தவன் சொல்றேன்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிக்கிட்டே வந்த பதிவு இது. எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், "அண்ணா, கிளையன்ட் கால்ல எப்படிண்ணா பதறாமப் பேசுறீங்க? ஏதாவது கோர்ஸ் போனீங்களா?"ன்னு கேட்டான். "ஒம்பதாவது படிக்கிறப்ப பள்ளிக்கூட நாடகத்துல பொணமா நடிச்சேன்டா"ன்னு சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டான். நான் நெசமாத்தான் சொன்னேன். அவனுக்கு உக்கார வச்சு விளக்க நேரமில்லை, அதனால உங்க தலையில கட்டுறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கிட்டு வந்துடுங்க.

மொதல்ல ஊரைச் சொல்லிடறேன். எனக்குச் சொந்த ஊர் மங்களூர். சொன்ன உடனே "ஓ, கர்நாடகாவா? பீச் சூப்பரா இருக்குமே!"ன்னு ஆரம்பிப்பாங்க. இல்லீங்க சாமி. இது கடலூர் மாவட்டத்து மங்களூர். மாவட்டத்தோட மேற்கு ஓரத்துல ஒரு ஊராட்சி ஒன்றியத்துக்கே பேர் கொடுத்த ஊரு. எங்ககிட்ட பீச் கெடையாது, மக்காச்சோளமும் பருத்தியும்தான். பெரிய டவுன்னா எங்களுக்கு விருத்தாசலம். ரயில் ஏறணும்னாலும் அங்கதான், துணி எடுக்கணும்னாலும் அங்கதான். பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியா அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பீங்கான். பொம்மை, கப்பு, கரன்ட்டு ஃப்யூஸ் கேரியர்னு வெள்ளை மண்ணுல என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்வாங்க. இந்தப் பீங்கான் கதையில பின்னாடி வரும், ஞாபகம் வச்சுக்குங்க.

நான் படிச்சது அந்தப் பக்கத்துல ஒரு அரசுப் பள்ளி. பேர் வேணாம். ஆடிட்டோரியம் எல்லாம் கெடையாது. கொடிக்கம்பத்துக்குப் பின்னாடி ஒரு சிமென்ட் மேடை, அதுக்கு மேல ஒரு வேப்ப மரம், அவ்வளவுதான். ஆண்டு விழான்னா நாலு சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், பரிசு, தலைமை விருந்தினர் ஒரு மணி நேரம் பேச்சு, மிட்டாய். நான் ஒம்பதாவது படிச்ச வருஷம் புதுசா வந்த தமிழய்யா, "இந்த வருஷம் ஒரு நாடகம் போடுவோம்"னார். எந்த நாடகம்னு கேட்டதுக்கு "அரிச்சந்திரன்"னுட்டார்.

எங்க பக்கத்துப் புள்ளைங்களுக்கு அரிச்சந்திரன் புதுசு இல்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல ராத்திரி முழுக்கக் கூத்து பாத்து, பாட்டி மடியிலயே தூங்கி, படுகளத்துக்கு எழுந்து உக்காந்த பசங்கதான் நாங்க. அதுவுமில்லாம எங்க ஊர்ப் பக்கம் சுடுகாட்டுக்குப் போற வழியில அரிச்சந்திரன் கல்லுன்னு ஒண்ணு இருக்கும். பாடைய அங்க எறக்கி வச்சு, வெட்டியான் வேலை பாக்குறவர் அரிச்சந்திரன் பாட்டு பாடினதுக்கு அப்புறந்தான் உள்ள போகணும். சுடுகாட்டுக்கே காவலா நின்ன ராஜாகிட்ட அனுமதி கேக்குற மாதிரி.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: பொய் சொல்லாத ராஜா அரிச்சந்திரன். விசுவாமித்திரர் அவரைப் பொய் சொல்ல வச்சுக் காட்டுறேன்னு சவால் விட்டு, நாட்டைப் புடுங்கி, போதாததுக்குக் கடன்காரனாவும் ஆக்கிடுவார். கடனை அடைக்க, காசியில பொண்டாட்டி சந்திரமதியையும் புள்ள லோகிதாசனையும் வித்து, கடைசியில தன்னையே சுடுகாட்டு வேலை பாக்குற வீரபாகுகிட்ட வித்துக்குவார் ராஜா. புள்ளைய பாம்பு கடிச்சிரும். பொணத்தைத் தூக்கிக்கிட்டு சந்திரமதி வருவா. காவலுக்கு நிக்கிற புருஷனே, "கால் பணமும் முழத்துண்டும் வச்சாத்தான் எரிக்க விடுவேன்"பார். கால் பணமும் துண்டும் எசமான் வீரபாகுவுக்கு. வாய்க்கரிசி மட்டுந்தான் இவருக்குக் கூலி.

இந்தக் கதைக்கு ஒரு பெரிய ரசிகர் இருந்தார், உங்க எல்லாருக்கும் தெரிஞ்சவர்தான். மோகன்தாஸ் காந்தி. ராஜ்கோட்ல பள்ளிக்கூடப் பையனா இருந்தப்ப அப்பாகிட்ட அனுமதி வாங்கி ஒரு நாடகக் கம்பெனி போட்ட அரிச்சந்திரன் நாடகம் பாத்திருக்கார். அது மனசை விட்டுப் போகவே இல்லையாம். தனக்குத்தானே எத்தனையோ தடவை அதை நடிச்சுப் பாத்ததா 'சத்திய சோதனை'யில எழுதியிருக்கார். அந்த வயசுல பாக்குற நாடகம் ஒரு ஆளை எங்க வரைக்கும் கொண்டுபோகும்னு கேட்டா, இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியலை. பாத்ததுக்கே அப்படின்னா, நடிச்சா?

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

ஆள் எடுக்குற வேலைய அய்யா ரொம்பச் சுலபமா முடிச்சார். ஒரு பக்க வசனத்தைக் கையில எழுதிக் கொடுத்து எல்லாரையும் ஒவ்வொருத்தரா மேடையில நின்னு படிக்கச் சொன்னார். அவர் மட்டும் மைதானத்தோட அந்தக் கடைசியில, தண்ணி டேங்க்கிட்ட போய் நின்னுக்கிட்டார். யார் படிச்சது அங்க வரைக்கும் கேட்டுச்சோ அவங்களுக்கு வசனம் உள்ள வேஷம். எனக்குக் கேக்கலை. "நீ ஒல்லியா இருக்க, சந்திரமதி தூக்க வசதியா இருக்கும்"னு லோகிதாசன் வேஷம் கொடுத்துட்டார். நாலு வரி பேசணும், பாம்பு கடிக்கணும், அப்புறம் கடைசிவரைக்கும் பொணம். :-)

டேங்க் வரைக்கும் கணீர்னு கேட்டது என் நண்பன் ஒருத்தனோட குரல். அவன்தான் அரிச்சந்திரன்னு அய்யா சொல்லிட்டார். அவன் காலனிப் பையன். அவனோட தாத்தாதான் அந்த அரிச்சந்திரன் கல்லுகிட்ட நின்னு பாடுறவர். வீரபாகு வேஷம் ஊர்த்தெருப் பையன் ஒருத்தனுக்குப் போச்சு. வீட்டுல டிராக்டர், ஆழ்குழாய் கெணறு எல்லாம் உண்டு. அவன் குரலும் டேங்க் வரைக்கும் கேட்டுச்சு, அதுதான் காரணம். அய்யா வேற எதையும் யோசிச்சாரா, யோசிக்காமத்தான் செஞ்சாரான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டதும் இல்லை.

சந்திரமதியா எங்க வகுப்புப் பொண்ணு ஒருத்தி. அவங்கம்மா நேர்ல வந்து, "நாலே முக்கால் பஸ்ஸுக்கு விட்டுடணும் சார், ஒரு நாள் தவறினாலும் அனுப்ப மாட்டேன்"னு சொல்லிட்டுத்தான் சம்மதிச்சாங்க. அய்யாவும் ஒரு நாள்கூட தவறவிடலை.

ஒரு வாரம் ஒத்திகை நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வீரபாகுவோட அப்பா வந்தார். சத்தம் போடலை. செருப்பைக் கழட்டாம மேடைக்குக் கீழ நின்னு, "எம்மவனுக்கு வெட்டியான் வேஷமாமே. இந்த ஊர்ல அதுக்கு ஆளா இல்ல? அந்தப் பையனையும் இவனையும் மாத்திக் குடுத்துருங்க, முடிஞ்சு போச்சு"ன்னார். நாங்க எல்லாம் அங்கதான் நிக்கிறோம். நண்பன் கையில அட்டைக் கிரீடம் வச்சிக்கிட்டு நிக்கிறான். அவன் தரையப் பாத்துக்கிட்டே இருந்தான்.

அய்யா நிதானமாச் சொன்னார்: "மாத்தலாம்ங்க, எனக்கொண்ணும் இல்லை. ஆனா கதையில ராஜாதான் வீரபாகுகிட்ட வெலைக்குப் போறாரு. மாத்துனா உங்க பையன் அவங்கிட்ட கையக் கட்டி நின்னு, 'எசமான், என்ன வேலை செய்யணும்'னு கேக்கணும். பரவால்லையா?"

அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். எப்படித் திருப்பினாலும் அவருக்குத் தோதா வரலை. இந்தக் கதையோட சூட்சுமமே அதுதான்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. எத்தனையோ நூறு வருஷமா நம்ம ஊர்க்காரங்க ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாத்து அழுத கதை, ஒரு ராஜாவைக் கொண்டுபோய் சுடுகாட்டுல நிக்க வச்சிருக்கு. பாத்துட்டு விடிஞ்சதும் அவங்கவங்க தெருவுக்குப் போயிடுவோம். பாக்குற வரைக்கும் பிரச்சினை இல்லை. நம்ம வீட்டுப் புள்ளை உள்ள ஏறி நிக்கிறப்பதான் உறுத்துது.

"அப்படின்னா வேற நாடகம் போடுங்க"ன்னார். "விழாவுக்கு இன்னும் பத்து நாள்தாங்க இருக்கு"ன்னார் அய்யா. மகனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் அவன் ஒத்திகைக்கு வரலை. மூணாவது நாள் தானா வந்து நின்னான். "வீட்டுல என்னடா சொன்ன?"ன்னு கேட்டோம். "ராஜாவையே வெலைக்கு வாங்குறவன்தான் வீரபாகு, காசு குடுக்கிறவன் நாந்தானேன்னு சொன்னேன். எங்கம்மா சரின்னுடுச்சு"ன்னான். பதினாலு வயசுல இப்படி ஒரு வாதம். இன்னைக்கு அவன் மக்காச்சோள அறுவடை மிஷின் வாடகைக்கு விடுறான், எந்த வியாபாரத்துலயும் ஏமாற மாட்டான்.

ஆனா எனக்கு முக்கியமானது அடுத்து நடந்தது. அய்யாகிட்ட ஒரு பழக்கம். விழாவுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க எல்லாரும் வேஷத்தை மாத்திக்கிட்டு நடிக்கணும். "அடுத்தவன் வசனம் தெரியாதவனுக்குத் தன் வசனமும் தெரியாது"ம்பார். சந்திரமதி விசுவாமித்திரர் ஆனா. விசுவாமித்திரர் லோகிதாசன் ஆனான் (நல்ல கனம், தூக்க முடியாம நாலு பேர் இழுத்தோம்). ராஜாவும் வீரபாகுவும் எடம் மாறினாங்க.

அதுவரைக்கும் ஊர்த்தெருப் பையன் வீரபாகுவை எப்படி நடிச்சான்னு சொல்லணும். மீசைய முறுக்கி, கண்ணை உருட்டி, "டேய்ய்!"னு கத்தி, கம்பால தரையை அடிச்சு. சினிமா வில்லன் மாதிரி. எங்களுக்கும் அதுதான் பிரமாதமா தெரிஞ்சுது.

என் நண்பன் வீரபாகுவா வந்தான். கத்தலை. தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டான். ஒரு பக்கமா ஒதுங்கி நின்னு, ரொம்ப அடக்கமான குரல்ல, ஆனா ஒரு வார்த்தைகூட கொறைச்சுக்காம, கால் பணத்தையும் முழத்துண்டையும் கேட்டான். சாவு விழுந்த வீட்டுக்காரங்ககிட்ட கூலி கேக்குறவனுக்கு ஒரு கூச்சம் இருக்கும். அதே நேரம் அது அவனுக்கு நியாயமா வரவேண்டிய காசு. அந்த ரெண்டும் சேர்ந்து அந்தக் குரல்ல இருந்துச்சு. யாரும் பேசலை. அய்யா மட்டும், "யார்றா சொல்லிக் கொடுத்தா?"ன்னார். "எங்க தாத்தா இப்படித்தான் சார் கேப்பாரு. கத்துனா தரமாட்டாங்க"ன்னான்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கலை, அழலை. மறுநாள் ஊர்த்தெருப் பையன் தன் வேஷத்துக்குத் திரும்பினப்ப மீசைய முறுக்கலை. துண்டைக் கக்கத்துல வச்சான். ஒதுங்கி நின்னான். ஒத்திகை முடிஞ்சதும் நண்பன்கிட்ட போய், "சரியா வருதாடா?"ன்னு கேட்டான். இவன், "கையக் கொஞ்சம் எறக்கு"ன்னான். அவன் எறக்கினான். எங்க பக்கத்துல இப்படி ஒரு பேச்சு அந்த ரெண்டு தெருவுக்கும் நடுவுல வேற எங்க நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வகுப்புல ஒரே பெஞ்சுலதான் உக்காருவோம். ஒரே டேங்க்லதான் தண்ணி குடிப்போம். ஆனா ஒருத்தன் வாழ்க்கைய இன்னொருத்தன் தன் ஒடம்புல ஏத்திப் பாத்தது அங்க மட்டுந்தான்.

விழா ராத்திரிய நான் வர்ணிக்க முடியாது, ஏன்னா பாதி நேரம் கண்ணை மூடிக் கெடந்தேன். :-) காதால கேட்டதைச் சொல்றேன். எழுதிக் கொடுத்த புலம்பல் பாட்டை விட்டுட்டு சந்திரமதி திடீர்னு எங்க ஊர் ஒப்பாரி மெட்டுக்குப் போயிட்டா. அவ கண்ணீர் என் நெத்தியில சொட்டுது, மூக்கு மேல ஒரு எறும்பு ஊருது, அசையக் கூடாது. முன் வரிசையில இருந்த கெழவிங்க ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிட்டாங்க. வீரபாகுவோட அப்பா வந்து, காம்பவுண்டு சுவர் ஓரமா டிவிஎஸ் எக்ஸெல்ல சாஞ்சு நின்னு கடைசி வரைக்கும் பாத்துட்டு யார்கிட்டயும் பேசாமப் போனார்னு அப்புறம் பசங்க சொன்னாங்க. நண்பனோட தாத்தாவும் வந்திருந்தாராம். அவரை நாற்காலியில உக்காரச் சொல்லி அய்யா ரெண்டு தடவை கூப்பிட்டும் நின்னுக்கிட்டேதான் பாத்தாராம்.

ஒரு நாடகம் ஊரை மாத்திடுச்சான்னு கேட்டா, மாத்தலை. மறுநாள் காலையில அவங்கவங்க தெரு அவங்கவங்க தெருவாத்தான் இருந்துச்சு. இதைச் சொல்லாம விட்டா இந்தப் பதிவு பொய். அரிச்சந்திரனைப் பத்தி எழுதிட்டுப் பொய் சொல்லக் கூடாது இல்லையா?

இப்ப கொஞ்சம் வரலாறு. சின்னப் பசங்களை மேடையேத்தி வளக்குறது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'ன்னு பையன்களை மட்டும் வச்சு ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அதுல ஆறு வயசுப் பையனா சேர்ந்தவர்தான் பின்னாடி ஔவையார் வேஷம் போட்டு 'ஔவை சண்முகம்'னே பேர் வாங்கின டி.கே.சண்முகம். அவரோட 'எனது நாடக வாழ்க்கை' கெடைச்சா படிங்க, விறுவிறுன்னு போகும். எம்.ஜி.ஆர்., சிவாஜி ரெண்டு பேரும் இந்த மாதிரி கம்பெனிகள்ல வளந்தவங்கதான். குரல், பாட்டு, உச்சரிப்பு, ஒடம்பு வணக்கம், ஒழுங்கு எல்லாம் அங்க கத்துக்கிட்டதுதான்.

ஆனா அதுக்கு அந்தப் பசங்க கொடுத்த விலை பெருசு. பள்ளிக்கூடம் போச்சு. வீடு போச்சு. கம்பெனி வீட்டுலயே சாப்பாடு, தூக்கம், அடி எல்லாம். வயசு ஏறி குரல் உடையும் பாருங்க, அதை 'மகரக்கட்டு'ம்பாங்க. நேத்து வரைக்கும் ராஜபார்ட் பாடுன பையன் மகரக்கட்டு வந்ததும் திடீர்னு ஒண்ணுமில்லாதவனா ஆயிடுவான். மேலே வந்த பத்துப் பேர் பேர் நமக்குத் தெரியும். குரல் உடைஞ்சு, படிப்பும் இல்லாம, பாதி வழியில நின்னவங்களோட பேரை யார் எழுதி வச்சா?

இன்னொரு பக்கம் பம்மல் சம்பந்த முதலியார். 1891ல பதினெட்டு வயசு. பெல்லாரியிலேருந்து சென்னைக்கு வந்த ஒரு குழுவோட நாடகத்தைப் பாக்குறார். படிச்சவங்க, உத்தியோகத்துல இருக்கிறவங்க நடிக்கிறாங்க! அதே வருஷம் நண்பர்களைச் சேர்த்து சுகுண விலாச சபாவை ஆரம்பிச்சார். வக்கீலா இருந்து நீதிபதியும் ஆனார், நாடகத்தையும் விடலை. பொழைப்பு வேற, நாடகம் வேற, ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கலாம்னு காட்டினவர். நம்ம மாதிரி பகல்ல கோடு எழுதிட்டு ராத்திரி பதிவு எழுதுற ஆளுங்களுக்கெல்லாம் அவர்தான் குலதெய்வம்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கான்னு தேடிப் பாத்தவங்க பெருங்கட்டூர் ராஜகோபாலும் அவரோட துணைவி ஹன்னே டி ப்ரூயினும். காஞ்சிபுரம் பக்கத்துல புஞ்சையரசந்தாங்கல்ங்கிற கிராமத்துல 2002லேருந்து 2020 வரைக்கும் கட்டைக்கூத்து குருகுலம்னு ஒண்ணு நடத்தினாங்க. கூத்துப் பயிற்சியும் உண்டு, பள்ளிப் படிப்பும் உண்டு. ராஜகோபால் கூத்துக் குடும்பத்துல பொறந்து சின்ன வயசுலயே ஆட வந்தவர். ஆம்பளைங்க மட்டுமே ஆடிக்கிட்டு இருந்த கூத்தை அங்க பொம்பளைப் புள்ளைங்களும் கத்துக்கிட்டு, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடினாங்க. கலைக்காகப் படிப்பை விடவும் வேணாம், படிப்புக்காகக் கலையை விடவும் வேணாம்னு பதினெட்டு வருஷம் செஞ்சு காட்டினது சின்ன விஷயமா?

பள்ளிக்கூட நாடகம் இதையெல்லாம்விட ரொம்பச் சின்னது. வருஷத்துல ஒரு மாசம், சாயங்காலம் ஒரு மணி நேரம். யாரும் நடிகனா ஆகப்போறதில்லை. ஆனா அதனாலதான் அது எல்லாப் புள்ளைக்கும் எட்டும்.

"நாடகம் போட்டா கூச்சம் போகும், தன்னம்பிக்கை வரும்"னு எல்லாரும் சொல்றாங்க. வரும்தான். எனக்குக் கெடைச்சது அதுக்கு முந்தின ஒண்ணு. பொணமாக் கெடக்குறவனுக்குக் கேக்குறதைத் தவிர வேற வேலை இல்லை. முப்பது நாள் ஒத்திகையில அரை அரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தேன். யார் மூச்சு வாங்குறா, யாருக்கு வசனம் மறக்கப் போகுது, எந்த எடத்துல சும்மா இருந்தா கூட்டம் அமைதியாகும், எல்லாம் காதுல ஏறிடுச்சு. ராஜாவுக்கு ஒரு வரி மறந்தப்ப வாயை அசைக்காம எடுத்துக் கொடுத்திருக்கேன். பொணம் எடுத்துக் கொடுத்த ஒரே நாடகம் அதுவாத்தான் இருக்கும்.

இன்னைக்கு வேலையிலயும் அதேதான். ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன்ல ஏதோ வுழுந்துடுச்சுன்னு கிளையன்ட் கத்துறார். கத்துறதுக்குப் பின்னாடி அவருக்கு மேல உக்காந்து அவரை ஒருத்தர் கத்திக்கிட்டு இருக்கார்னு காது சொல்லிடும். பதில் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு செகண்டு சும்மா இருக்க முடியுது. இதைத்தான் எங்க டீம் பையன் 'பதறாமப் பேசுறது'ன்னு நெனைக்கிறான். ஒரு ஸ்கிரீனை வடிவமைக்கிறப்ப இதை உபயோகிக்கப் போற ஆளா ஒரு நாள் நடிச்சுப் பாக்குறதும் அய்யாவோட வேஷம் மாத்துற பழக்கந்தான். எங்க கம்பெனியில அதுக்கு ஸ்டைலா வேற பேர் வச்சிருக்காங்க, சம்பளமும் தர்றாங்க.

நண்பனைப் பத்திச் சொல்லணும். பத்தாவது முடிச்சு விருத்தாசலத்துல செராமிக் டிப்ளமோ படிச்சான். இப்ப ஒரு பீங்கான் யூனிட்ல சூப்பர்வைசர். புதுசா வேலைக்கு வர்ற அக்காங்களுக்குத் தொழில் சொல்லித் தர்றது அவன் பொறுப்பு. களிமண் கரைசலை பிளாஸ்டர் அச்சுல ஊத்துவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச ஓரமா மண்ணு கெட்டியா ஒட்டும். தேவையான கனம் வந்ததும் மிச்சத்தைக் கவுத்துக் கொட்டிட்டு, காயவிட்டு, அச்சைப் பிரிக்கணும். சீக்கிரம் பிரிச்சா சரிஞ்சிடும், லேட்டா பிரிச்சா வெடிச்சிடும். "வாயால சொன்னா யாருக்கும் புரியாதுடா. பயந்து போய் வேகமாப் பிரிக்கிறவ எப்படிப் பிரிப்பா, நிதானமாப் பிரிக்கிறவ எப்படிப் பிரிப்பான்னு ரெண்டையும் நடிச்சுக் காட்டுவேன். சிரிப்பாங்க. அப்புறம் ஒரு பொம்மைகூட ஒடையாது"ங்கிறான். மேனேஜர் முன்னாடி கூலி பத்திப் பேசணும்னாலும் இவனைத்தான் முன்னாடி தள்ளிவிடுவாங்களாம். எப்படிப் பேசுவேன்னு கேட்டேன். "கத்தமாட்டேன். ஆனா கொறைச்சுக்கவும் மாட்டேன்"னான். எனக்குச் சிலிர்த்துப் போச்சு. அவன் அதைச் சாதாரணமாத்தான் சொன்னான்.

அடுத்த வருஷம் நாங்க பத்தாவது. "பப்ளிக் எக்ஸாம் இருக்கு, நாடகம் கீடகம் வேணாம்"னுட்டாங்க. அய்யாவும் மாற்றலாகிப் போயிட்டார். ஆண்டு விழா பழையபடி சினிமாப் பாட்டுக்குத் திரும்பிடுச்சு. பாட்டுக்கு ஆடுறதை நான் கொறை சொல்லலை, நானும் விசிலடிச்சவன்தான். ஆனா அந்த ஆட்டத்துல அடுத்தவன் என்ன சொல்றான்னு கேக்க வேண்டிய அவசியமே கெடையாது. ஸ்பீக்கர் பாத்துக்கும்.

2022ல தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழான்னு ஆரம்பிச்சாங்க. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு போட்டி, ஜெயிச்சவங்களுக்குக் கலையரசன், கலையரசின்னு பட்டம். நாடகமும் அதுல உண்டு. மத்திய அரசோட கலா உத்சவ் 2015லேருந்தே இருக்கு. நல்ல விஷயம், மனசார வரவேற்கிறேன். எனக்கு இருக்குற ஒரே கவலை, போட்டின்னு வந்துட்டா நல்லாப் பேசுற நாலு புள்ளைங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தயார் பண்ணிடுவாங்களே, டேங்க் வரைக்கும் குரல் கேக்காத புள்ளைக்கு யார் பொண வேஷம் கொடுப்பாங்கங்கிறதுதான். பரிசு மேடையில கெடைக்குது. மத்ததெல்லாம் ஒத்திகையில, யாரும் பாக்காதப்ப கெடைக்குது. அந்த ஒரு மாசச் சாயங்காலத்தை யாராவது புள்ளைங்களுக்கு விட்டுக் கொடுக்கணும்.

அதனால எங்க செட்டு ஆளுங்க ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கோம். ஊருக்குப் போறப்பெல்லாம் பள்ளிக்கூடத்துல இப்ப இருக்குற தமிழ் டீச்சரைப் பாத்து, வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுங்க, துணிமணி, மைக் செலவு எங்களோடதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம். பணத்தைப் பிரிச்சு வசூல் பண்ற பொறுப்பு யாருக்குன்னு நெனைக்கிறீங்க? வீரபாகுவுக்குத்தான். கால் பணம் பாக்கி வச்சாலும் விடமாட்டான். சனிக்கிழமைகள்ல ஒத்திகைக்கு வந்து நிக்கிறேன்னு அரிச்சந்திரன் சொல்லியிருக்கான். டீச்சர் இன்னும் முழுசா தலையாட்டலை, அரைத் தலை ஆட்டியிருக்காங்க.

உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கடைசியா எப்ப நாடகம் போட்டாங்கன்னு ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்களேன். அப்படியே நீங்க என்ன வேஷம் போட்டீங்கன்னும் சொல்லுங்க. மரமா நின்னவங்க, திரை இழுத்தவங்க, "மன்னா, தங்களைக் காண ஒற்றன் வந்திருக்கிறான்"னு ஒரே ஒரு வரி சொன்னவங்க எல்லாரும் சொல்லலாம். பொண வேஷம் போட்டவங்க யாராவது இருந்தா அவங்களுக்கு மொத மரியாதை.